ஒரே மாடிப்படி, நான்கு பள்ளிகள்

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டில் இடம்பெற இயலாத செய்திகள் சில உண்டு. அவற்றை நெறியாளர் சிவப்பு மையால் அடித்துவிடுவார், அடிப்பதும் நியாயமே. ஆயினும் எங்கேனும் எழுதி வைத்தாக வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் கல்வித் துறையில் இருப்போரும், களப்பணிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லவிருக்கும் மாணவரும் பொறுமையோடு படித்தால் மகிழ்வேன்.

2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் செம்பூரில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் பழைய நோட்டு ஒன்று கையில் சிக்கியது. அம்மா தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியொன்றில் 29 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து 2014இல் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே பாடக்குறிப்பேடுகளை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். இந்த ஒன்று மட்டும் எப்படியோ பித்தளை அண்டாவுக்குள் தப்பிக் கிடந்திருக்கிறது.

மேலட்டையில் ‘2003–04, மூன்றாம் வகுப்பு’ என்று மட்டும் இருந்தது. தலைமையாசிரியரின் கையொப்பத்துக்குச் செல்லும் குறிப்பேடு அன்று அது. பிள்ளைகள் கணக்கில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அம்மா தமக்காக எழுதி வைத்த நோட்டு. ஒரு பக்கத்தில் 402இலிருந்து 178ஐக் கழிக்கும் கணக்கு. வகுப்பிலிருந்த 41 பிள்ளைகளில் 17 பேர் 376 என்று விடை எழுதியிருக்கிறார்கள். 9 பேர் 274. முதல் விடைக்கு நேரே அம்மாவின் குறிப்பு: ‘மேலே எது, கீழே எது என்று பார்ப்பதில்லை. பெரியதில் சிறியதைக் கழிக்கிறார்கள். 8இல் 2, 7இல் 0.’ இரண்டாவதற்கு நேரே: ‘நடுவில் சுழி வந்தால் பிள்ளை அதைத் தாண்டிக் குதித்து நூறிடம் கடன் கேட்கிறது. பத்தின் வீட்டுக் கதவைத் தட்டுவதே இல்லை.’ அதன் கீழே, மூன்று வாரம் கழித்து வேறு மையில், எந்த வழியில் சொல்லிக் கொடுத்தபோது எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. அரைப் பக்கம்தான். என் நான்கு ஆண்டு ஆய்வில் நான் எழுதிய எந்த அரைப் பக்கமும் இதற்கு ஈடாகாது என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பரணேறும் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் உண்டு. அதே ஆண்டு ஜூலையில், என் களப்பணிப் பள்ளியில், மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தேன். அதுவும் தாராவிதான், அதுவும் தமிழ்வழிதான். ஆனால் அம்மா பணியாற்றிய பள்ளி அன்று. கரும்பலகையில் 503இலிருந்து 267. நோட்டுகளைத் திருத்தியபோது 364 என்று சிலர், 266 என்று சிலர். பிள்ளைகள் போன பின் அந்த டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, என்னிடம் அன்றி, மின்விசிறியிடம் சொல்வதுபோலச் சொன்னார்: “இந்த சைபர் வந்தா மட்டும் என்னதான் ஆகுது இதுங்களுக்கு?”

இரண்டு பள்ளிகளுக்கும் இடையே பத்து நிமிட நடை. இடையில் இருபது ஆண்டுகள். ஒருவர் கேட்டு, தேடி, ஓரளவு விடையும் கண்ட கேள்வியை இன்னொருவர் முதலிலிருந்து, தன்னந்தனியாகக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

அன்றிரவு அம்மாவிடம் இந்த நோட்டை யாரிடமாவது காட்டியதுண்டா என்று கேட்டேன். “யாரு கேட்டா?” என்றார். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் சற்று நேரம் கழித்துத் தாமாகவே தொடர்ந்தார்: “கேட்டிருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன். இன்ஸ்பெக்‌ஷன்ல வர்றவரு கையில இது கிடைச்சா, உங்க வகுப்புல இருபத்தாறு பிள்ளைக்குக் கழித்தல் தெரியாதுன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களேன்னு கேப்பாரு. பதில் சொல்ல முடியுமா?”

அடுத்த அறையில் 12 ஆண்டுகள் இருந்த டீச்சரிடம்கூடவா என்றேன். அவரை எனக்கு நன்கு தெரியும். பெரியம்மா என்றுதான் அழைப்பேன். அக்காவின் திருமணத்துக்குத் தம் சங்கிலியை அடகு வைத்துப் பணம் தந்தவர். அவருடைய கணவர் சயான் மருத்துவமனையில் கிடந்த நாள்களில் அம்மா இரு வேளையும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டு ஆண்டுகளும் மதியச் சாப்பாடு ஒரே டப்பாவிலிருந்து. ஆனால் கழித்தல் கணக்கைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லையாம். “அது எப்படிப் பேசறது? அவங்க வகுப்பு அவங்களுது” என்றார் அம்மா, நான் ஏதோ முறையற்றதைக் கேட்டுவிட்டதுபோல.

இந்த ‘அவங்க வகுப்பு அவங்களுது’ என்பதைப் பற்றி நம் துறையில் நூலகம் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1975இல் டான் லோர்ட்டி பள்ளியை முட்டைகள் அடுக்கும் அட்டைக்கு ஒப்பிட்டார்: பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல். ஜூடித் வாரன் லிட்டில் 1990இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவை நான்கு படிகளாகப் பிரித்தார். வகுப்பறைக் கதைகளைச் சொல்லிக்கொள்வது, கேட்டால் உதவுவது, பொருள்களையும் வழிமுறைகளையும் பகிர்வது, நான்காவதாக உண்மையான கூட்டுப்பணி. முதல் மூன்றும் ஒருவருடைய தனிமையைக் கலைக்காமலே நடக்கக் கூடியவை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முனைவர் பட்டத்துக்கு முந்தைய தேர்வில் இந்தக் கட்டுரையைப் பற்றி நான் பத்து மதிப்பெண் விடை எழுதியிருக்கிறேன். அம்மாவும் பெரியம்மாவும் அந்தக் கட்டுரைக்குள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

என் களப்பணிப் பள்ளி என்று ஒருமையில் சொன்னது பிழை. மும்பை மாநகராட்சி எட்டுப் பயிற்றுமொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது: மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம். இடத்துக்குப் பஞ்சமான நகரம் ஆதலால் பல இடங்களில் ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் இயங்குகின்றன. நான் சென்ற கட்டடத்தில் நான்கு. கீழே மராத்தி, அதற்கு மேல் இந்தி, அதற்கு மேல் உருது, கடைசி மாடியில் மிஞ்சிய அறைகளில் தமிழ். நான்கு தலைமையாசிரியர்கள், நான்கு வருகைப் பதிவேடுகள், நான்கு ஆசிரியர் அறைகள். பொதுவாக இருப்பவை மாடிப்படி, மணி, தண்ணீர்த் தொட்டி, வாசலில் இருக்கும் காவலாளி.

மாநிலத்தின் பாடத்திட்டம் ஒன்றே; மொழிதான் வேறு. ஆகவே மழை கொட்டும் ஜூலையில் நான்கு மாடிகளிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மூன்றிலக்கக் கழித்தல் நடக்கிறது. படிக்கட்டின் நடுவில் நின்றால் மேலே ‘கடன்’ கேட்கும். இறங்க இறங்க ‘உதார்’ கேட்கும். ஒரே சுழியில் நான்கு மொழிப் பிள்ளைகளும் வழுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு ஆசிரியர்களும் காலையில் அந்தப் படியில் ஏறும்போது ஒருவருக்கொருவர் நமஸ்தே சொல்லிக்கொள்கிறார்கள். ஓராண்டு நான் அங்கே இருந்தேன். நமஸ்தேக்கு அடுத்த சொல் மழையைப் பற்றியதாக இருக்கும், அல்லது ரயிலைப் பற்றியதாக.

இதற்கு மொழி காரணம் அன்று. தாராவியில் மொழி எவருக்கும் தடை ஆனதில்லை; எல்லோருக்கும் பொதுவாக ஒரு மும்பை இந்தி இருக்கிறது. காரணத்தை ஜூன் மாதத்தில்தான் கண்டேன். பள்ளி திறக்கும் முன்பே ஆசிரியர்கள் சேர்க்கைக்காகச் சந்து சந்தாக அலைகிறார்கள். ‘பிள்ளை பிடிக்கப் போகிறோம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்புக்குப் பின்னால் அச்சம். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பவே ஆசிரியர் பணியிடங்கள் அனுமதிக்கப்படும். ‘சஞ்ச் மான்யதா’ என்று அதற்குப் பெயர். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆவார், வேறெங்கோ மாற்றப்படுவார். தமிழ்வழியில் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மூன்றாம் தலைமுறையாக அதே சந்தில் வசிக்கும் குடும்பம், தன் பேரப் பிள்ளையை ஆங்கில வழியில் சேர்க்க விரும்புவதில் வியப்பொன்றும் இல்லை. ஆக, ஒரு மாடிக்கு ஏறாத பிள்ளை இன்னொரு மாடிக்கு ஏறுகிறது. கீழ்மாடி டீச்சர் உங்களுக்குச் சக ஆசிரியையா, போட்டியாளரா? ஜூன் மாதத்தில் போட்டியாளராக இருந்தவரிடம் ஜூலை மாதத்தில் போய், என் பிள்ளைகளுக்குக் கழித்தல் வரவில்லை, உங்கள் பிள்ளைகளுக்கு வருகிறதா என்று கேட்க எவருக்கு மனம் வரும்?

கூட்டங்கள் இல்லாமல் இல்லை. கூட்டங்களுக்குக் குறையே இல்லை. ‘ஷிக்‌ஷண் பரிஷத்’ என்ற பெயரில் மகாராஷ்டிரத்தில் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. அருகருகே உள்ள பள்ளிகளை ஒரு வளாகமாக இணைக்க வேண்டும் என்று 1964–66 கோத்தாரி ஆணையம் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அதையே மீண்டும் சொல்லி, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்றும் கூறுகிறது. நான் உட்கார்ந்து பார்த்த கூட்டங்களில் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது, செயலியில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள் நினைவூட்டப்பட்டன, பிறகு சமோசா வந்தது, பிறகு குழுப்படம். ஆண்டி ஹார்க்ரீவ்ஸ் இதற்கு ஒரு பெயரிட்டார்; தமிழில் ‘வலிந்து வரவழைத்த தோழமை’ எனலாம். மேலிடம் நாளும் இடமும் பேசுபொருளும் குறித்துக் கொடுக்கும் கூட்டுறவு அது. அதில் எவரும் தம் வகுப்பில் எது நடக்கவில்லை என்று சொல்வதில்லை. சொல்லும் இடமும் அது அன்று; அறையின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் நாளை ஆய்வுக்கு வரப்போகிறவர்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் விதிக்கிறது. பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் நேரமும் அதற்குள் அடக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்த ஆயத்த நேரம் மணிக்கணக்கில் எங்கே போகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். சத்துணவுக் கணக்கு, ஆதார் எண் சரிபார்ப்பு, சீருடை அளவுப் பட்டியல். இருவர் சேர்ந்து உட்காரத்தக்க வெற்று வேளை என்று ஒன்று கால அட்டவணையில் இல்லை. 2024 ஓர் ஆண்டிலேயே மே மாதம் மக்களவைத் தேர்தல், நவம்பரில் சட்டமன்றத் தேர்தல். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றை மட்டும் விலக்காக வைத்திருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றே ஓராண்டை விழுங்கப் போதுமானது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 2023இல், களப்பணியின் தொடக்கத்தில், எனக்கு ஓர் ஆசை வந்தது. மும்பைத் தமிழர் என்று ஒருமையாகப் பேசுகிறோம். மாட்டுங்கா வேறு, செம்பூர் வேறு, தாராவி வேறு என்பது இங்கு வளர்ந்த எவருக்கும் தெரியும். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலேயே தோன்றிவிட்டது. படித்துவிட்டு அலுவலகங்களுக்கு வந்த குடும்பங்கள் பள்ளியும் சபாவும் கோயிலும் கட்டிக்கொண்டன. பிறகு அக்குடும்பங்களில் பல செம்பூருக்குப் பெயர்ந்தன. தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலிக்கும் வந்தவர்கள் தாராவியில் சதுப்பை மேடாக்கிக் குடியேறினார்கள். சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே ரயிலில் ஒரே நிறுத்தம். சாதியும் வகுப்பும் அந்த ஒரு நிறுத்தத்தைக் கடலாக்கி வைத்திருக்கின்றன. தமிழ் பேசும் ஆசிரியர்களை மூன்று இடங்களிலிருந்தும் அழைத்து ஒரு சனிக்கிழமை உட்கார வைத்தால் என்ன என்று நினைத்தேன்.

மாட்டுங்காவில் ஓர் அரங்கு கிடைத்தது. தனியார் பள்ளி ஆசிரியைகள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். தாராவியிலிருந்து வந்தவர்கள், எவரும் சொல்லாமலே, பின்வரிசைக்குப் போனார்கள். முன்வரிசையினர் வண்ணத் தாளில் செய்த கற்பித்தல் கருவிகளைக் காட்டினார்கள். அன்போடுதான் காட்டினார்கள். பின்வரிசையினர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரத்தில் பின்வரிசையிடம் எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நடத்தியிருக்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது மட்டும் ஒரு மாட்டுங்கா டீச்சர் தாராவி டீச்சரை ஓரமாக அழைத்து, மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து எப்படிச் சமாளிக்கிறீர்கள், என் வகுப்பில் இருநிலைப் பிள்ளைகளையே என்னால் சமாளிக்க முடியவில்லை என்று தணிந்த குரலில் கேட்டதைப் பார்த்தேன். அன்றைக்கு நிகழ்ந்த ஒரே உருப்படியான காரியம் அது. என் அறிக்கையில் அது இல்லை. ‘42 ஆசிரியர்கள் பங்கேற்றனர்’ என்று மட்டும் இருக்கிறது.

அந்தத் தோல்விக்குப் பிறகு பெரிய திட்டங்களை விட்டுவிட்டேன். 2024 ஜூலையில், முன்னே சொன்ன 503 கணக்குக்கு மறுநாள், கீழ்மாடி மராத்தி வகுப்பில் உட்கார அனுமதி கேட்டுப் போனேன். அங்கும் அதே பாடம். அந்த ஆசிரியை, பிள்ளைகள் ‘பாயீ’ என்று அழைப்பவர், கடன் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. ‘தஷக் சுட்டா கராயச்சா’ என்றார். பத்தைச் சில்லறையாக்க வேண்டும். மும்பையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும், அது எந்த மொழி பேசினாலும், ‘சுட்டா’ தெரியும். நடத்துநரும் காய்கறிக்காரரும் நாள் முழுதும் கேட்பது அதைத்தான். பாயீ காகிதத்தில் செய்த நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார். 503இலிருந்து 267 தர வேண்டும், கையில் ஐந்து நூறும் மூன்று ஒற்றை ரூபாயும்தான் இருக்கின்றன. ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்று. அந்தப் பத்துகளில் ஒன்றைப் பத்து ஒற்றையாக மாற்று. நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. சுழி இருந்த இடத்தில் ஒன்பது எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் இயலே இந்தக் கழித்தலைப் பற்றியதுதான். அமெரிக்க ஆசிரியர் 23 பேரிடமும் சீன ஆசிரியர் 72 பேரிடமும் அவர் பேசினார். அமெரிக்கர் பெரும்பாலும் ‘கடன் வாங்குதல்’ என்றனர். சீனர் பெரும்பாலும் மேலலகைப் பிரித்தல் என்ற கருத்தில் பேசினர். கடன் என்றால் பிள்ளை மனத்தில் இரண்டு எண்கள் இருவேறு ஆள்களாகிவிடுகின்றன. பிரித்தல் என்றால் எண் ஒன்றே, உருவம்தான் மாறுகிறது. சீன ஆசிரியர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? அவர்கள் பள்ளியில் குழுவாக அமர்ந்து பாடநூலையே வரி வரியாக ஆராய்கிறார்கள் என்பது மா சொல்லும் காரணங்களுள் ஒன்று. ஜப்பானிலும் ஆசிரியர் அனைவரின் மேசையும் ஒரே அறையில், வகுப்பு வாரியாக இருக்கும். ஒரு பாடத்தைச் சிலர் சேர்ந்து திட்டமிட, ஒருவர் நடத்த, ஏனையோர் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பர். பின்னர் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவர். நடத்தியவரைப் பற்றி அன்று. ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999இல் இதை எழுதிய பின் உலகமே ஜப்பானுக்குப் பயணச்சீட்டு வாங்கியது. எனக்கோ தாராவியில் மூன்று மாடி இறங்கினால் போதுமானதாக இருந்தது.

பாயீயையும் தமிழ் டீச்சரையும் ஒரு மதியம் படிக்கட்டில் நிறுத்திப் பேச வைத்தேன். முதலில் இருவரும் கூச்சத்தோடு நின்றார்கள். பிறகு தமிழ் டீச்சர் தம் வகுப்பு நோட்டு ஒன்றைத் திறந்து 266 என்ற விடையைக் காட்டினார். பாயீ உரக்கச் சிரித்து, தம் மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார், அதிலும் 266. சில்லறைத் தாள்களால் ஒரு வாரம் தேறியவர்கள், தாள் இல்லாதபோது மீண்டும் அதே பிழையைச் செய்கிறார்கள் என்றார். எனில், சில்லறையும் முழு மருந்து அன்று. ஏன் என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். தமிழ் டீச்சரின் வகுப்பில் இட்லி வியாபாரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. விடியலில் தந்தையோடு சைக்கிள்காரர்களுக்கு இட்லி எண்ணிக் கொடுத்து, மீதிச் சில்லறையும் பிழையின்றித் தருபவள். நோட்டில் மட்டும் தவறுகிறாள். அவள் 178 ரூபாயைக் கழிப்பதில்லை, 178இலிருந்து மேலே எண்ணிக்கொண்டே போய் 402ஐ அடைகிறாள் என்பதை அந்தப் படிக்கட்டில்தான் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். கடையில் அவள் செய்வது கூட்டல். நாற்பது நிமிடம் போயிற்று. நான் பேசவே இல்லை.

அதைக் கெடுத்தவனும் நானே. இரண்டாம் சந்திப்புக்கு ஒலிப்பதிவுக் கருவி கொண்டுபோனேன். மூன்றாவதற்கு ஒரு படிவம்: தேதி, பேசுபொருள், கற்றுக்கொண்டது, அடுத்த நடவடிக்கை. நெறிக்குழுவின் ஒப்புதலுக்குத் தேவை என்று சொல்லிக்கொண்டேன். நான்காம் சந்திப்பில் இருவரும் நன்கு ஆயத்தமாக வந்து, நன்கு நடந்த பாடங்களைப் பற்றி மட்டும் பேசினார்கள். ‘கற்றுக்கொண்டது’ என்ற கட்டத்தில் அழகான வாக்கியங்கள் இருந்தன. ஹார்க்ரீவ்ஸின் சொல்லை ஆய்வுக் கேள்வியாகச் சுமந்து திரிந்த நான், அதைக் கையோடு உற்பத்தி செய்தும் கொடுத்தேன். செப்டம்பரில் பாயீக்கு வேறு வட்டத்துக்கு மாறுதல் வந்தது. அவருடைய காகித நோட்டுகளைத் தமிழ் டீச்சர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது ஒன்றைக் குறிப்பிடுவேன். 1972இல் மத்தியப் பிரதேசத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம், 2002இல் அரசால் நிறுத்தப்படும் வரை, ஆசிரியர்களின் மாதாந்தரச் சந்திப்பைத் தன் உயிர்நாடியாக வைத்திருந்தது. வகுப்பில் எந்தச் சோதனை பிசகியது, எந்தக் கேள்விக்குத் தமக்கே விடை தெரியவில்லை என்பனவே அங்கே பேச்சு. ‘மாசிக் கோஷ்டி’ என்று அதற்குப் பெயர். இந்தியில் கோஷ்டி என்றால் கூடி உரையாடுதல். நாம் அச்சொல்லை வாங்கி, எதிரெதிரே பிரிந்து நிற்பவர்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டோம். நான் பார்த்த ஆசிரியர் அறைகளில் இந்தப் பொருளில் கோஷ்டிகள் ஏராளம். மராத்தி மாநிலத்தில் தமிழ் இலக்கணம் பிசகாமல் இயங்குகின்றன.

அம்மாவின் நோட்டுக்கு வருகிறேன். தீபாவளி விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில் அதன் ஒளிநகலைத் தமிழ் டீச்சரிடம் கொடுத்தேன். படிவம் எதுவும் கொடுக்கவில்லை. என்ன நினைத்தார் என்றும் பிறகு கேட்கவில்லை. நவம்பர் இரண்டாம் வாரம் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஓரங்களில் பென்சில் எழுத்து. 274க்கு நேரே ‘எனக்கும் இதேதான்’ என்று. அம்மா 2004இல் ஒரு வழி தோற்றதாக எழுதியிருந்த இடத்தில், ‘இல்லை, இது தோல்வி இல்லை, பத்து நாள் பொறுத்திருந்தால் வந்திருக்கும்’ என்று. ஓரிடத்தில் சிறிய படம்: மூன்று பெட்டிகள், நடுப்பெட்டியில் ஒன்பது கோடுகள். பக்கத்தில் ‘சுட்டா’ என்று தமிழில் எழுதி அடிக்கோடிட்டிருந்தது.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். ‘இது தோல்வி இல்லை’ என்ற இடத்துக்கு வந்ததும் முகம் சிவந்தது. கோபம் என்றே நினைத்தேன். “பத்து நாள் பொறுக்கணுமாமே. பரீட்சை வெச்சுட்டாங்களே, எங்கே பொறுக்கறது?” என்று நோட்டிடமே கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இவங்க நம்பர் இருக்கா?” என்றார்.

கொடுத்தேன். முதல் முறை அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. தேர்தல் பணிப் பயிற்சியில் இருந்தாராம். இரவு ஒன்பதரைக்கு அவரே அழைத்தார். நான் பழக்க தோஷத்தில் மேசைமேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தேன். அம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.